தித்திவங்சா மலைத்தொடர்: எங்கே நின்றால் மலை தெரியும்?

மலேசியாவில், கோலாலம்பூரை ஒட்டிய காஜாங்கில் குடியிருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. மாமனாரும் மாமியாரும் திருச்சியிலிருந்து வருகிறார்கள், ஒரு வாரம் தங்குவார்கள். இருவருக்கும் மலை என்றால் உயிர், கோடைக்கானலுக்கு வருடம் தவறாமல் போகிறவர்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. வீட்டில் கார் இருக்கிறது. கோடைக்கானலில் இருப்பது போல தித்திவங்சா மலைத்தொடரிலும் வரிசையாக 'வியூ பாயிண்ட்' இருக்கிறதா, இருந்தால் எதையெல்லாம் காட்டுவது?

வரிசையாக இல்லை. பலகை நட்டு, கம்பி வேலி போட்டு, சுண்டல் விற்கிற இடங்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் முழங்கால் வலிக்காரர் காரை விட்டு இறங்கி நூறு அடி நடந்தாலே போதும் என்கிற நல்ல இடங்கள் சில உண்டு. உங்களுக்கு நான் சொல்வது சிலாங்கூர் அணைக்கட்டு, கெந்திங் வழியில் இருக்கும் சின் சுவீ கோவில், கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். இந்த மூன்றையும் அவசரப்படாமல் காட்டினால் ஒரு வாரத்துக்கு அது தாராளம். மற்றவை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்.

ஏன் வரிசையாக இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கோடைக்கானல் ஒரு செங்குத்துச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மேலே சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வருவதால் இயற்கையாகவே திறந்த வெளி கிடைக்கிறது. கோக்கர்ஸ் வாக்கில் நடந்தாலே சமவெளி காலடியில் கிடக்கும். தித்திவங்சா அப்படிப்பட்டதல்ல. தாய்லாந்தின் தென்பகுதியில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடும் கருங்கல் முதுகு இது. அடி முதல் முடி வரை காடு. உச்சியிலும் காடுதான், அங்கே மரம் குட்டையாகிப் பாசி போர்த்திக்கொள்ளும், அவ்வளவே வித்தியாசம். மிக உயரமான சிகரம் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள கொர்பு, 2,183 மீட்டர். காட்டில் இரவு தங்கி, வேரைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறவர்களுக்கும் வழியெல்லாம் தெரிவது எதிரே இருக்கும் மரம்தான்.

ஆகவே இங்கே உயரத்தைப் பார்த்து இடம் தேடாதீர்கள். காடு எங்கே விலகியிருக்கிறது என்று பாருங்கள். சாலை கணவாயைக் கடக்கும் இடம், அணை கட்டி நீர் தேக்கிய இடம், தேயிலை நட்ட இடம், மரம் வேரூன்ற முடியாத பாறை முதுகு, லாலாங் புல் பிடித்துக்கொண்ட மொட்டைக் குன்று. இந்த ஐந்தில் ஒன்றாக இல்லாத இடத்தை யாராவது 'சூப்பர் வியூ' என்று சொன்னால் நான் சற்று சந்தேகப்படுவேன்.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். காலை எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு, பத்துக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்கு மேலே போய்ச் சேர்ந்து, 'ஒன்றுமே தெரியவில்லை, வெறும் மேகம்' என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். விடியற்காலையில் மூடுபனி கீழேயும் மலைமுடிகள் மேலேயும் தெரிவது அதனால்தான். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவைத் தொட்டு மேலெழுந்து மேகமாகும். மதியத்துக்கு அது உச்சியை மூடிவிடும், பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். மேற்குப் பக்கத்தில் ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் இது கிட்டத்தட்ட தினசரி நாடகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ஆனால் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் காட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் வரும். அதனால் 'விடியற்காலை' என்றால் மூன்று மணிக்கு எழ வேண்டும் என்று பயப்பட வேண்டாம்.

திசையையும் கொஞ்சம் கவனியுங்கள். கோலாலம்பூர் மலைத்தொடரின் மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் நகரத்திலிருந்து பார்த்தால் மலை கறுப்பு நிழலாகத்தான் நிற்கும். மாலை நான்கரைக்கு மேல், மழை கழுவிவிட்ட பிறகு பாருங்கள், ஒவ்வொரு மடிப்பும் பச்சையாகப் பிரிந்து தெரியும். கே.எல். கோபுரத்தில் ஏறுகிற விருந்தாளிகள் இரட்டைக் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கிழக்கே திரும்பி ஐந்து நிமிடம் நின்றால் மலைத்தொடர் முழு நீளத்துக்குக் கிடக்கும். (தாசிக் தித்திவங்சா என்ற ஏரிக்குப் போகச் சொல்கிறவர்களும் உண்டு. அது நகரத்துக்குள் இருக்கும் பூங்கா. கோபுரங்களைப் பார்க்க அருமையான இடம், மலைக்கு அல்ல.)

நகரத்தை ஒட்டியே ஓர் அதிசயம் இருக்கிறது, பலர் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். மிருகக்காட்சிசாலைப் பக்கம் எம்.ஆர்.ஆர். 2 சாலையில் போகும்போது மெலாவத்திக்குப் பின்னால் பல் பல்லாக வெளுத்துத் தெரியும் பாறை வரிசைதான் அது. கருங்கல்லில் விழுந்த நீண்ட வெடிப்புக்குள் சிலிக்கா கலந்த வெந்நீர் புகுந்து குவார்ட்ஸாக உறைந்தது. சுற்றியிருந்த கருங்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, கெட்டியான குவார்ட்ஸ் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளில் ஒன்று. இதன் ஒரு பகுதிதான் புக்கிட் தாபூர். மேலே நின்றால் ஒரு பக்கம் கிள்ளான் கேட்ஸ் அணை நீர், மறுபக்கம் நகரம். அதற்காக ஏறாதீர்கள். கத்தி முனை மாதிரியான முகடு, விழுந்து இறந்தவர்கள் உண்டு, வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறுவது குற்றம். மாமனாருக்குக் காரிலிருந்தே காட்டி, கதையைச் சொல்லுங்கள்.

அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைச்சாலையில் உள்ள பார்வை மேடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே நாம் மலையைப் பார்க்கவில்லை, மலை மேல் நின்று ஊரைப் பார்க்கிறோம். மேற்கு நோக்கிய சரிவு என்பதால் சூரிய அஸ்தமனமும், விளக்கு ஏற்றிய பிறகு 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் அதைக் குள்ளமாக்கிவிட்ட 679 மீட்டர் மெர்டேக்கா 118-உம் ஒரே சட்டத்துக்குள் வரும். வார நாள் மாலையாகப் போங்கள். சனிக்கிழமை இரவு அந்தச் சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சொந்தம்.

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் முழங்கால் நன்றாக இருந்தால், செமினிக்குப் பக்கத்தில் புரோகா குன்று. காஜாங்கிலிருந்து கூப்பிடு தூரம். 400 மீட்டர்தான், முக்கால் மணி நேர ஏற்றம், மேலே முழுக்க லாலாங் புல். மலைத்தொடர் இதற்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் அந்த முகடுகளின் மேல்தான் எழும்பும். இவ்வளவு குறைந்த உயரத்தில் இவ்வளவு காட்சி எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. பாதை சறுக்கும், டார்ச் கட்டாயம். பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டாம், கீழே கடையில் உட்கார வைத்தாலும் அவர்களுக்குப் பொழுது போகாது.

இனி கெந்திங். உள்ளூர்க்காரர்கள் கெந்திங் என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். சூதாட்ட விடுதி, கூட்டம், கட்டடம். ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு இந்த மலைத்தொடரில் இவ்வளவு வசதியாக மழைக்காட்டை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறில்லை. அடிவார நிலையமான அவானாவில் ஏறினால் கேபிள் கார் 2.8 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடக்கும். மரங்களின் தலைகள் காலுக்குக் கீழே நகரும், பன்றிவால் மாதிரிச் சுருண்ட பெரணிகள் கூடத் தெரியும். நடுவில் சின் சுவீ நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங், தம் சீனச் சொந்த ஊரில் வணங்கப்படும் சின் சுவீ சாமிக்குக் கட்டிய கோவில் அது. செங்குத்தான சரிவில் கட்டுவதற்கே பல வருடம் பிடித்தது, 1994-ல் முறைப்படி திறந்தார்கள். ஒன்பது அடுக்கு கோபுரத்தில் ஏற வேண்டியதில்லை. முற்றத்தில் நின்றாலே பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடக்கும். உச்சியில் இருக்கும் கட்டடங்கள் மேகத்துக்குள் போய்விட்ட நாளிலும், கொஞ்சம் தாழ்வாக இருக்கும் இந்த முற்றத்தில் வெளிச்சம் இருப்பதுண்டு. நான் உச்சிக்கே போகாமல் இங்கிருந்தே திரும்பிவிடுவேன். உங்கள் மாமனாருக்கு உச்சியையும் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும், உச்சி 1,700 மீட்டருக்கும் மேல். வார நாள் காலையில், முதல் கேபிள் காரிலேயே ஏறினால் கூட்டமும் இருக்காது, மேகமும் இருக்காது.

ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியை, மலையை விடவும் நான் அதிகம் விரும்புகிறேன். கோல குபு பாருவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை சிலாங்கூர் அணைக்கு மேலாக வளைந்து போகும். வண்டி நிறுத்த இடம் உண்டு, படி ஏற வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரி நீர், அதில் தலைகீழாக மலை. தீபகற்பத்தில் காரிலிருந்து இறங்கியதும் கிடைக்கும் மிக நல்ல மலைக்காட்சி இதுதான் என்று நான் சண்டை போடவும் தயார். இந்த நீருக்காக அங்கே இருந்த தெமுவான் பழங்குடி மக்கள் ஊர் மாற வேண்டியிருந்தது. கெராச்சி, பெரெத்தாக் என்ற அவர்களுடைய குடியிருப்புகள் பக்கத்திலேயே புதிதாக அமைக்கப்பட்டன. வழியில் அவர்கள் காட்டுப் பழங்களும் பெத்தாய் என்ற காட்டு அவரையும் விற்பார்கள், வாங்குங்கள்.

அதற்கு மேல் 'கேப்' (Gap) என்ற கணவாய் வரை வளைவுக்கு மேல் வளைவு. அங்கிருந்து மலைக்கு ஒடுங்கிய சாலை, ஒரு வழிப் போக்குவரத்து. மண்சரிவைப் பொறுத்து ஏற்பாடு மாறும் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் கிடைக்காது, கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. மேலே போனால் மணிக்கூண்டு, கல் வீடுகள், பறவைகள். பறவை பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம்தான், 250-க்கும் அதிகமான இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் தொலைதூரக் காட்சி குறைவு, மரங்கள் விடாது. இந்த மலைக்குப் பெயர் கொடுத்த ஃபிரேசர் என்ற வெள்ளீயத் தாது வியாபாரி, ஆங்கிலேயர்கள் அவரைத் தேடி வருவதற்குள் எங்கே போனார் என்றே தெரியாமல் மறைந்துவிட்டார். கேமரனிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் நடைபோகப் புறப்பட்டவர், பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. சாலையை விட்டுப் பத்தடி உள்ளே போனால் இந்தக் காடு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. 'குறுக்கு வழி' சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

கேமரன் மலைக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவது பெரியவர்களுக்குத் தண்டனை. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை அழகானது, லாத்தா இஸ்கந்தார் அருவியும் வழியில் உண்டு, ஆனால் வளைவுகள் வயிற்றைப் புரட்டும். சிம்பாங் பூலாய் சாலை சுற்று வழி. ஆனால் அகலம், வளைவு தாராளம், ஏற ஏற அடுக்கடுக்காக மலைமுகடுகள் திறக்கும். மாமியாரை வைத்துக்கொண்டு போவதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கீழே சுண்ணாம்புக்கல் குன்றுகளைக் குடைந்து தின்றுகொண்டிருக்கும் கல்லுடைப்பு ஆலைகளையும் பார்ப்பீர்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

கேமரனில் காட்சி என்றால் அது தேயிலைதான். 'போ' (BOH) தேயிலை நிறுவனத்தை 1929-ல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைச் சீர்செய்து, செடி நட்டு, குறுக்கே பாதை போட்ட கைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர் கைகள் நிறைய. இன்றும் தோட்டங்களுக்குள் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் லயங்களும் இருக்கின்றன. கொழுந்து பறிப்பதில் இப்போது வங்காளதேசத்தினரும் நேபாளிகளும் அதிகம், நம் பிள்ளைகள் பெரும்பாலும் படித்து ஊருக்கு இறங்கிவிட்டார்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சரிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் தேநீரோடு உட்கார்ந்தால், கீழே வாரி விட்ட தலை மாதிரி வரிசை வரிசையாகத் தேயிலை. கோடைக்கானல்காரர்களுக்கு இது புதிது. மூணாறு பார்த்தவர்கள் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். உங்கள் மாமனாரிடம் 'இது உங்கள் ஊர்க்காரர்கள் நட்டது' என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள், அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்க மாட்டார். வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். உள்ளே போகும் சாலையில் இரண்டு வண்டி விலக முடியாது, ஆகவே திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். தீபகற்பத்தில் தார்ச்சாலையில் கார் எட்டும் மிக உயரமான இடம் என்ற பெருமைக்காகப் போகிறவர்கள் உண்டு. சாலை கரடுமுரடு, உச்சியில் பெரும்பாலும் வெள்ளை மேகத்தைத் தவிர எதுவும் இருக்காது. அங்கே ஓர் அழகு இருக்கிறது என்றால் அது தூரத்தில் இல்லை, கைக்கெட்டும் பாசிக்காட்டில். மேகம் எப்போதும் தங்குவதால் கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் ஈரம், அதில் குடுவைச் செடி. மரப்பலகை நடைபாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மாமியார் நடைபாதையின் தொடக்கத்தில் நின்றால்கூடப் போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் கேமரனின் பள்ளத்தாக்குகள் பல இடங்களில் வெள்ளை பிளாஸ்டிக் கூரைகளாக மினுமினுக்கும். காய்கறிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் போட்ட கொட்டகைகள். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங் முதல் கியா ஃபார்ம் வரை வண்டி நகராது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு 'கேமரன் கெட்டுப்போச்சு' என்று சொல்கிறவர்களின் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. குறிஞ்சிக் கடவுளை ஐயாயிரம் அடி உயரத்தில் கும்பிட்ட திருப்தி மாமியாருக்குக் கிடைக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலு லங்காட்டிலிருந்து கோல கிளாவாங் போகும் வழியில் கெந்திங் பெராஸ் கணவாய், சிலாங்கூர் எல்லை. சைக்கிள்காரர்களின் இடம், காஜாங்கிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வரலாம். வடக்கே கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 1982-ல் திறந்தது. பேராக், கிளந்தான் எல்லையில் தித்திவங்சா என்றே பெயர் வைத்த ஓய்விடம் இருக்கிறது, காலையில் அங்கே மேகம் காலடியில் நிற்கும். மலைத்தொடரின் உண்மையான விரிவு எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆனால் காஜாங்கிலிருந்து அது ஒரு நாள் ஓட்டம், காட்டு யானைகள் சாலைக்கு வரும், இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது, யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் பின்வாங்கிக் காத்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் வேண்டாம். எல்லை தாண்டி பெத்தோங்கில் மேகக்கடலுக்கு மேல் கண்ணாடி நடைபாதை கட்டியிருக்கிறார்கள். அதற்கு உங்கள் மாமனார் மாமியாருக்குத் தாய்லாந்து நுழைவு விதியையும், மலேசியாவுக்குத் திரும்பி வரும் விதியையும் பார்க்க வேண்டும். இந்தியக் கடப்பிதழோடு சாலை எல்லையில் போய் நின்று தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். விமானக் களைப்பு போக முதல் இரண்டு நாள் ஊருக்குள்ளேயே இருங்கள், ஒரு மாலை அம்பாங். மூன்றாம் நாள் காலை சின் சுவீ, மதியத்துக்குள் வீடு. நான்காம் நாள் கேமரனுக்குக் கிளம்பி, ஆறாம் நாள் இறங்குங்கள். ஏழாம் நாள் சிலாங்கூர் அணை, பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், திரும்பும் வழியில் கோல குபு பாருவில் சாப்பாடு. மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். உங்கள் அண்ணனோ தம்பியோ நன்றாக ஓட்டுவார் என்றால் கேமரனுக்கு அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் ஒரே ஆள் ஓட்டினால் கை சோர்ந்துவிடும், கீழ் கியரில் போட்டு இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் கருகிய வாசனை அடிக்கும். வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரையைச் சிம்பாங் பூலாயில் வளைவு தொடங்கும்போது கொடுத்துப் பயனில்லை. அரை மணி முன்பே, பசியாறிய கையோடு கொடுத்துவிடுங்கள்.